வர்த்தகம் கற்றவரின் அரசியல்: கோ. நடேசய்யரும் ஹட்டன் மலைநாடும்

1. கேள்வி

மலையகத் தொழிலாளர் அரசியலின் தொடக்கத்தைப் பேச வருபவர்கள் பெரும்பாலும் கோ. நடேசய்யரிடமிருந்தே தொடங்குகிறார்கள். பத்திரிகையாளர், நூலாசிரியர், தொழிற்சங்கத் தலைவர், சட்டநிரூபண சபையிலும் பிறகு ஹட்டன் தொகுதியின் சார்பில் அரசாங்க சபையிலும் இருந்தவர் என்று அவரை அறிமுகப்படுத்துவது வழக்கம். இந்த அறிமுகங்களில் ஒரு செய்தி ஓரமாகவே நிற்கிறது. இலங்கைக்கு வருமுன் அவர் அரசியல்வாதியாக அறியப்பட்டவர் அல்லர். தஞ்சாவூரில் வணிகப் பாடம் நடத்தியவர். ‘வர்த்தக மித்திரன்’ என்ற வணிகப் பத்திரிகையை நடத்தியவர். வங்கி, காப்புறுதி, கணக்குப் பரிசோதனை, எண்ணெய் இயந்திரம் ஆகிய பொருள்களில் தமிழில் நூல் எழுதியவர்.

வணிகத் துறையில் உருவான ஒருவர் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதியானபோது, அந்த வணிக அறிவு அவரோடு கூடவே வந்ததா, கப்பல் ஏறும்போது கழற்றி வைக்கப்பட்டதா? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான். அது கூடவே வந்தது என்பதும், அவருடைய அரசியலின் வலிமைக்கும் பிற்காலச் சரிவுக்கும் அதில் பங்குண்டு என்பதும் என் முடிவு.

2. இதுவரையான வாசிப்புகள்

நடேசய்யரைப் பற்றிய நம் அறிவு பெரிதும் இருவரின் உழைப்பால் கிடைத்தது. குமாரி ஜெயவர்த்தன 1972இல் வெளியிட்ட இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில், கொழும்பு நகரத் தொழிலாளர் போராட்டங்களின் தொடர்ச்சியாக மலைநாட்டை வைத்து அவரை மதிப்பிட்டார். சாரல் நாடன் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ (1988), ‘பத்திரிகையாளர் நடேசய்யர்’ (1998) ஆகிய இரு நூல்களில் சிதறிக் கிடந்த பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் தேடித் தொகுத்து, மலையக இலக்கியத்தின் முன்னோடியாக அவரை நிறுத்தினார். சாரல் நாடன் தேடியிராவிட்டால் நமக்கு நடேசய்யர் என்ற பெயர் மட்டுமே எஞ்சியிருக்கும். இந்தக் கடனைச் சொல்லாமல் மேலே செல்வது நன்றியாகாது.

முதல் வாசிப்பில் அவர் வர்க்க இயக்கத்தின் ஒரு கண்ணி. இரண்டாம் வாசிப்பில் எழுத்தின் வழியே ஒரு சமூகத்தை விழிக்கச் செய்தவர். இரண்டும் சரியானவை. ஆனால் இரண்டிலும் வணிகப் பின்னணி முன்கதையாகச் சுருங்கிவிடுகிறது. அவர் துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்த சம்பவம் சுவையான செய்தியாக வருகிறது, ஆராயப்படாமலே கடந்துவிடுகிறது.

3. பட்டறையிலிருந்து சபைக்கு: ஒரு ஒப்பீடு

கைத்தொழிலாளரும் சிறு வணிகரும் அரசியலுக்கு வருவது உலகில் புதிதல்ல. ஜெர்மனியில் ஆகஸ்ட் பேபல் மரம் கடையும் தொழிலாளி. லைப்சிக் நகரில் சொந்தப் பட்டறை வைத்திருந்தார். தொழிலாளர் கல்விச் சங்கத்தில் சேர்ந்து பேசப் பழகி, 1867இல் வடஜெர்மன் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஃப்ரீட்ரிஷ் ஏபர்ட் சேணம் தைக்கும் தொழில் கற்றவர். பிரேமன் நகரில் மதுக்கடை நடத்தியபடியே தொழிற்சங்க வேலை செய்து, அந்நகரின் சபையில் உறுப்பினராகி, 1919இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார்.

இவர்களின் பாதையில் சில படிகள் ஏற்கெனவே இருந்தன. தொழில் கற்ற பட்டறை, பயணத்தில் தங்கிய தொழிலாளர் விடுதி, படிப்பு வட்டம், நகர சபை என்று ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கால் வைக்க இடமிருந்தது. மதுக்கடைக்கு வந்தவர்கள் வாக்காளராகவும் இருந்தார்கள். ஏபர்டின் கடை மேசையும் கட்சி மேசையும் ஒன்றாகவே இருந்தன.

1920களின் ஹட்டனில் இந்தப் படிகள் எதுவுமில்லை. தொழிலாளி வாழ்ந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அவர் நடந்த பாதையும் தோட்டத்துக்குச் சொந்தம். அங்கே வெளியார் கூட்டம் போட வந்தால் அத்துமீறல் வழக்கு. நகர சபையோ கிராமக் குழுவோ தோட்ட எல்லைக்குள் செல்லாது. 1930களின் பிற்பகுதியில் கிராமக் குழுச் சட்டம் திருத்தப்பட்டபோதும் தோட்டத் தொழிலாளர் வாக்குரிமைக்கு வெளியிலேயே வைக்கப்பட்டார்கள். எனவே உள்ளூர் அரசியல்வாதி ஒருவர் கீழிருந்து வளர்ந்து வர வழி இல்லை. வெளியிலிருந்து ஒருவர் உள்ளே போக வேண்டியிருந்தது. யார் உள்ளே போகலாம் என்பதே முதற்கேள்வி.

4. துணி மூட்டை

தோட்ட எல்லையை, நிர்வாகியான துரையின் அனுமதியோடு கடந்தவர்கள் சிலரே. ஆள் சேர்த்து மேற்பார்த்த கங்காணியின் உறவினர், பூசாரி, கடன் வசூலிக்க வந்த செட்டியார், சம்பள நாளில் மூட்டை சுமந்து வந்த புடவைக்காரர். தொழிலாளர் தோட்டத்தை விட்டு அடிக்கடி வெளியேறுவதை நிர்வாகம் விரும்பவில்லை. ஆகவே பொருள் அவர்களைத் தேடி வர வேண்டியிருந்தது. வியாபாரிக்குத் திறந்த கதவு அரசியல்காரருக்கு மூடியிருந்ததன் காரணம் இது.

இலங்கையில் நிலையாகக் குடியேறுமுன் நடேசய்யர் துணி வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் சென்று நிலைமையை நேரில் கண்டார் என்ற செய்தியை இந்தச் சூழலில் வைத்துப் படிக்க வேண்டும். இதை வெறும் சாகசமாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. புடவை விற்பவருக்கு லயத்தின் வாசல்வரை செல்லும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. அங்கே பேசப்படும் பேச்சு முழுவதும் காசைப் பற்றியது. ஒரு சேலையின் விலையைக் கேட்கும் பெண், இந்த மாதம் கையில் என்ன வரும் என்று கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) விழுந்தது, அரிசிக்கு எவ்வளவு பிடித்தார்கள், கம்பளிக்கு எவ்வளவு, கங்காணியிடம் பழைய பற்று எவ்வளவு என்ற விவரங்கள் பேரத்தினிடையே தாமாக வெளிவரும். விசாரணைக் குழுவின் முன் அதே பெண்ணை நிறுத்தியிருந்தால், பக்கத்தில் கணக்கப்பிள்ளை நிற்கும்போது அவர் வாய் திறந்திருக்க மாட்டார். மூட்டையின் முன்னே திறந்தார்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நடேசய்யர் தஞ்சைப் பிராமணர். லயத்தில் வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பெரிய கங்காணிகளில் பலர் இடைநிலைச் சாதியினர். வியாபாரி வேடம் இந்தப் பிளவை ஓரளவு மறைத்தது என்று நினைக்கிறேன். கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே சாதி மறைவதில்லை, ஆயினும் கொடுக்கல் வாங்கலுக்குரிய ஒரு பேச்சு முறை இருக்கிறது. பின்னாளில் தொழிற்சங்க மேடையில் அவர் கையாண்ட பேச்சு முறையும் இதற்கு அருகில் இருந்தது. உங்களுக்கு வர வேண்டியது இது, வந்தது இது, மீதி எங்கே என்று கேட்கும் முறை அது.

5. செக்ரோல்: ஒரு பக்கத்தின் அரசியல்

நடேசய்யரின் பங்களிப்பில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் மிக முக்கியமானதும் இந்தப் பகுதியே. ஆகவே சற்று விரிவாகப் பார்க்கலாம்.

தோட்டத்தில் ஒருவரின் உழைப்பு அவருக்குத் தெரியாத மொழியில், அவர் பார்க்காத ஏட்டில் பதிவாயிற்று. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்து, மாலையில் கொழுந்து நிறுத்த பிறகு, கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் போடுவார். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். மழையில் வேலை நின்றாலும் அரைப் பேர். ஆள் வேலைக்கு வந்த நாள்களின் எண்ணிக்கைப்படி பெரிய கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக நின்றது. அந்தக் கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்த ‘துண்டு’ முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கடன் உறவு அதற்குப் பிறகும் பல வடிவங்களில் நீடித்தது.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்த ஏட்டுக்குள் முதல்முறையாக ஒரு நிலையான எண்ணைக் கொண்டுவந்தது. அச்சட்டத்தின்கீழ் 1929இல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று நாட்கூலி நிர்ணயமாயிற்று. ஒரு பெண் மாதத்தில் 24 பேர் எடுத்தால் 10 ரூபா 32 சதம். அவற்றில் 6 நாள் அரைப் பேராக விழுந்தால் 1 ரூபா 29 சதம் போய்விடும். மீதி 9 ரூபா 3 சதத்தில் அரிசிக்கும் பழைய பற்றுக்கும் பிடித்தம் போகும். கொழுந்து எடுத்த கைக்கு இந்தக் கழித்தல் தெரியாமல் இருந்தவரை சட்டம் இருந்தும் பயனில்லை.

நடேசய்யர் செய்தது இந்தக் கழித்தலைத் தொழிலாளியின் மொழிக்குக் கொண்டுவந்தது. அவர் நடத்திய ‘தேசபக்தன்’, பின்னர் வந்த ‘தோட்டத் தொழிலாளி’ முதலிய ஏடுகளும், தொழிலாளருக்கான சட்டக் கைநூலும் இந்த நோக்கில் அமைந்தவை. தஞ்சாவூரில் வணிக மாணவருக்குக் கணக்குப் பரிசோதனை கற்பித்த அதே உழைப்பு இங்கே வேறு வாசகரைத் தேடி வந்தது. எழுத்தறியாதவருக்கும் இது சேர வேண்டும் என்பதற்காக, அவருடைய மனைவி மீனாட்சி அம்மை நாட்டார் மெட்டுகளில் பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். நடேசய்யர் நாடகமும் எழுதினார். இந்தப் பாட்டுகளைத் தனியே இலக்கியமாகவும் கைநூல்களைத் தனியே அரசியலாகவும் பிரிப்பது பிற்கால ஆய்வாளரின் வசதி. கூட்டத்துக்கு வந்தவருக்கு இரண்டும் ஒரே மாலையில் கிடைத்தன.

அக்காலத் தமிழ்ப் பொதுவாழ்வில் சொற்பெருக்குக்குக் குறைவில்லை. துயரத்தை உருக்கமாகச் சொன்னவர் பலர். துயரத்தைக் கூட்டிக் கழித்துக் காட்டியவர் அரிது. அந்த அருமையை நாம் இன்னும் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் வருத்தம்.

6. கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு

1920களின் தொடக்கத்தில் அவர் வாழ்க்கை கொழும்பை மையமாகக் கொண்டது. டாக்டர் ஈ. வி. ரட்ணத்தின் ஆதரவோடு ‘தேசநேசன்’ பத்திரிகையின் ஆசிரியரானார். சட்டநிரூபண சபையில் இந்தியருக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் ஒன்றுக்கு 1925இல் இடைத்தேர்தல் வழியாகத் தேர்வானார். அந்த வாக்காளர் தொகுதி சொத்தும் படிப்பும் உள்ளவர்களுடையது. கொழும்பு இந்திய வணிகர்களின் செல்வாக்கு அதில் அதிகம். கூலித் தொழிலாளிக்காகப் பேசியவரைச் சபைக்கு அனுப்பிய வாக்குகளில் கூலித் தொழிலாளியின் வாக்கு இல்லை.

கொழும்புத் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிற்சங்கத்தில் அவர் துணைத் தலைவராக இருந்து, பின்னர் விலகினார். பொருளாதார நெருக்கடி நெருங்கியபோது நகரச் சங்கம் இந்தியத் தொழிலாளரைப் போட்டியாளராகக் காட்டத் தொடங்கியதே பிரிவின் அடிப்படை. 1931இல் அவர் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளருக்கெனத் தனியாக எழுந்த முதல் தொழிற்சங்கம் அது.

ஏன் ஹட்டன்? புகையிரதப் பாதை அங்கே வருகிறது. டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா பள்ளத்தாக்குகளின் சந்தையும் அதுவே. சம்பளம் வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமை இறங்கி வரும் கடைத்தெரு அங்கே இருந்தது. துரையின் அதிகாரம் முடிந்து பொதுத் தெரு தொடங்கும் இடமும் அதுவே. தோட்டத்துக்குள் கூடினால் வழக்கு வரும். கடைத்தெருவில் கூடுவதைத் துரையால் தடுக்க முடியாது. வணிக நகரத்தின் இந்தப் பயனை வணிகப் பத்திரிகை நடத்தியவர் கண்டுகொண்டதில் வியப்பில்லை. கடைக்காரர், எழுதுவினைஞர், சில்லறைக் கங்காணி ஆகிய நகரின் நடுத்தர மனிதர்கள் சங்கத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் பாலமாக இருந்திருக்கலாம்.

1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தபோது ஏறத்தாழ 1 லட்சம் இந்திய வம்சாவளியினர் வாக்காளராயினர். தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 7 லட்சம். ஹட்டனில் முதல் தேர்தலில் பெரி. சுந்தரம் போட்டியின்றித் தேர்வாகி அமைச்சரும் ஆனார். 1936இல் அத்தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1925இல் வணிகரின் வாக்கில் சென்றவர் இப்போது கொழுந்தெடுப்பவரின் வாக்கில் சென்றார். அவருடைய வாழ்க்கையின் பெரிய மாற்றம் இதுவே என்று கருதுகிறேன். அடுத்த தேர்தல் போர்க்காலத்தால் தள்ளிப்போய், 1947 வரை அந்த இடத்தில் இருந்தார்.

7. வரம்புகள்

இனி எதிர்ப்பக்கச் சான்றுகளைப் பார்க்க வேண்டும். 1930களின் நெருக்கடியில் கூலி குறைக்கப்பட்டபோது சம்மேளனத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. சந்தாப் பணம் குறித்த குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றை எழுப்பியவர்களில் அவர் வீழ்ச்சியை விரும்பிய தோட்டத் தரப்பினரும் இருந்ததால், அப்படியே ஏற்க இயலாது. ஆனால் குற்றச்சாட்டு ஒட்டிக்கொள்ளும் வகையில் சங்கம் ஒரு மனிதரின் அலுவலகமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திரிகை, அச்சு, கடிதம், சந்தா, வழக்கு எல்லாம் ஒரே கையில். ஒரு வணிக நிறுவனத்தின் உரிமையாளர் தம் கடையை நடத்தும் விதத்தில் அவர் சங்கத்தை நடத்தினார். வணிகப் பயிற்சி கொடுத்த சுறுசுறுப்பு அதில் தெரிகிறது. அதே பயிற்சி தந்த குறையும் தெரிகிறது.

1939இல் ஜவாஹர்லால் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்திய காங்கிரஸ் உருவாயிற்று. அதன் தொழிற்சங்கம் கட்டியது வேறு வகை அமைப்பு. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு தலைவர், அவர் லயத்துக்கு லயம் சென்று சந்தா சேர்ப்பவர், மாவட்டத்துக்கு ஒரு பிரதிநிதி. இந்த அமைப்பின் முன் ஹட்டன் கடைத்தெரு அலுவலகம் நிற்க முடியவில்லை. அந்த அமைப்பின் தலைமைக்கு வந்த சௌமியமூர்த்தி தொண்டமானும் வணிக, முதலாளி மரபின் பிள்ளையே. தந்தை கருப்பையா கங்காணியாகி, றம்பொடைப் பகுதியில் வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். இருவரும் தொழிலாளி வகுப்பில் பிறந்தவர்கள் அல்லர். தொண்டமானிடம் நிலமும் கங்காணிக் குடும்பங்களின் உறவு வலையும் இருந்தன. நடேசய்யரிடம் அச்சு இயந்திரமும் கணக்கும் இருந்தன. ஒரு தோட்டத்தை ஒரே இரவில் வேலைநிறுத்தத்துக்குக் கொண்டுவர உறவு வலைதான் உதவும்.

1947 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. நடேசய்யர் தோற்றார். அவ்வாண்டு நவம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு குடியுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் என்று வந்து, அவரைத் தோற்கடித்தவர்களும் அவருக்கு வாக்களித்தவர்களும் ஒருசேர வாக்குரிமை இழந்தார்கள். 1939இல் 2,25,000ஆக இருந்த இந்திய வாக்காளர் எண்ணிக்கை பதிவு விதிகள் இறுகியதால் 1943இல் 1,68,000ஆகக் குறைந்தபோதே இந்த அபாயம் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பற்றிய போராட்டம்தான். நடேசய்யரின் வகை அறிவு மிகவும் தேவைப்பட்ட வேளையில் அது மேடையை விட்டு நீங்கியிருந்தது.

8. தொடரும் கணக்கு

தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துக்குள் நுழையும் உரிமையைத் தரும் சட்டம் 1970இல்தான் வந்தது. புடவைக்காரருக்கு என்றுமே இருந்த உரிமை அது. உள்ளூராட்சியில் தாமதம் இன்னும் நீண்டது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல். அதே காலத்தில் அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய சபைகள் உருவாயின. பேபலுக்கும் ஏபர்டுக்கும் முதல் படியாக இருந்த உள்ளூர்ச் சபை மலையகத்தில் கடைசிப் படியாக வந்திருக்கிறது.

சம்பளம் இன்று சதத்திலிருந்து ரூபாய்க்கு மாறிவிட்டது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் அறிவிக்கப்பட்டது. எத்தனை கிலோ எடுத்தால் முழுப் பேர், எவ்வளவு குறைந்தால் அரைப் பேர் என்ற தகராறு அறிவிப்புக்கு அடியில் அப்படியே இருக்கிறது. மலையக ஆய்வில் அரசியல் தலைமைகளின் வரலாறும் இலக்கிய வரலாறும் ஓரளவு எழுதப்பட்டுவிட்டன. செக்ரோல், சம்பளச் சீட்டு, கடைப் பற்று ஏடு ஆகியவற்றை அடிப்படைச் சான்றாகக் கொண்ட வரலாறு எழுதப்பட வேண்டும். பழைய தோட்ட அலுவலகங்களில் கறையான் தின்பதற்குமுன் அந்த ஏடுகளைச் சேகரித்து வைக்கும் வேலை அதற்கும் முந்தியது. பல்கலைக்கழகங்களும் தொழிற்சங்கங்களும் அதைச் சேர்ந்து செய்யலாம்.